வீடியோ கேம் விளையாடுவது படைப்புத் தொழிலில் இருப்பவருக்கு உதவுமா?

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு விளம்பர நிறுவனத்தில் விஷுவல் டிசைனர். வேலை முடிந்து வந்ததும் இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் கேம் விளையாடுகிறீர்கள். கேம் விளையாடினால் கிரியேட்டிவிட்டி வளரும் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். வீட்டிலோ, இந்த வயதில் இது தேவையா என்கிறார்கள். எது சரி, எந்த கேம் விளையாடினால் பலன், போர்ட்ஃபோலியோவில் இதைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தபோது, அடியில் வேறொன்று இருப்பதாக எனக்குப் பட்டது. எப்படியும் செலவாகிற இந்த நேரத்திலிருந்து வேலைக்கு எதையாவது எடுத்துக்கொள்ள முடியுமா, இல்லை அப்படிச் சொல்லி உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்கிறீர்களா என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் அனிமேஷனில் ஸ்டோரிபோர்டும் (கதையைக் காட்சி காட்சியாக வரைவது) லேஅவுட்டும் (காட்சியில் கேமராவும் பாத்திரங்களும் எங்கே என்று அமைப்பது) செய்பவன். ஓவியம் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. உளவியல் படித்தவன் அல்ல. ஆகவே மூளையைப் பற்றி நான் சொல்வது ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. கண்ணையும் கையையும் பற்றிச் சொல்வது தொழிலில் பார்த்தது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் விளையாடுவதால் மட்டும் யாரும் படைப்பாளி ஆகிவிடுவதில்லை. ஆனால் எதிரே இருப்பவர் அடுத்து எங்கே பார்ப்பார், என்ன நினைப்பார், எதைச் செய்யத் துணிவார் என்று கணிக்கும் பழக்கத்தை இவ்வளவு நேரடியாகச் சொல்லித்தருகிற கலை வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அந்தப் பழக்கம் போஸ்டர் செய்பவருக்கும் வேண்டும், வசனம் எழுதுபவருக்கும் வேண்டும், வீட்டுக்கு பிளான் போடுபவருக்கும் வேண்டும்.

முதலில் ஆய்வுகள். 2003இல் ஷான் கிரீன், டாஃப்னி பவெலியே என்ற இருவர் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேகமான ஆக்‌ஷன் கேம் விளையாடுகிறவர்களின் பார்வைக் கவனம் மற்றவர்களுடையதைவிடக் கூர்மையாக இருக்கிறது என்றது அது. விளையாடிப் பழகாதவர்களுக்குப் பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தபோதும் முன்னேற்றம் தெரிந்தது. பிறகு வந்தவர்கள் அந்த மாதிரிச் சோதனைகளின் முறையைக் கேள்வி கேட்டார்கள். தனக்குத் திறமை கூடும் என்று எதிர்பார்ப்பவர் அந்த எதிர்பார்ப்பாலேயே கொஞ்சம் நன்றாகச் செய்துவிடலாம் அல்லவா? அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. அதுவும் போக, கவனம் வேறு, கற்பனை வேறு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 12 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 500 பேரை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு, அதிகம் கேம் விளையாடும் பிள்ளைகள் படைப்பாற்றல் சோதனைகளில் அதிக மதிப்பெண் எடுத்ததாகச் சொன்னது. நீங்கள் படித்த செய்தி அநேகமாக அதிலிருந்து கிளம்பியதாக இருக்கும். ஆனால் கேம் விளையாடியதால் கற்பனை வளர்ந்ததா, கற்பனை உள்ள பிள்ளைகள் கேமை நாடினார்களா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு அதிகம் பிடித்தது 2019இல் வந்த அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு. 352 பேரைப் பிரித்து, சிலரை மைன்கிராஃப்ட் (கட்டைகளை அடுக்கி விரும்பியதைக் கட்டும் கேம்) விளையாடவும், சிலரைக் கார் பந்தய கேம் விளையாடவும், சிலரைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி பார்க்கவும் வைத்தார்கள். மைன்கிராஃப்ட் கூட்டத்திலும் இரண்டு வகை: ஒரு குழுவிடம் எதுவும் சொல்லவில்லை, இன்னொரு குழுவிடம் முடிந்தவரை படைப்பூக்கத்தோடு விளையாடுங்கள் என்றார்கள். நாற்பது நிமிடம் கழித்து எல்லோருக்கும் சில சோதனைகள். வேற்றுக்கிரகத்து உயிர் ஒன்றை வரையச் சொன்னதும் அதில் ஒன்று. எதுவும் சொல்லப்படாமல் தன்போக்கில் விளையாடியவர்கள்தான் மேலே வந்தார்கள். கிரியேட்டிவாக விளையாடு என்று சொல்லப்பட்டவர்கள் அவர்களைவிடக் குறைவாகவே எடுத்தார்கள். ஒரே ஒரு ஆய்வு, உடனடி விளைவைத்தான் அளந்தது, அதனால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும், இன்று ஏதாவது கற்றுக்கொண்டே தீருவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளையாட உட்காராதீர்கள் என்று நான் பயிற்சியில் சொல்வதற்கு இது ஒத்துப்போகிறது.

இன்னொன்று, ஒரு பிரச்சினையை ஊறப்போடுவது. லோகோவோ காட்சியோ பிடிபடாமல் இருக்கும்போது அதை விட்டுவிட்டு வேறு எதையாவது செய்தால் பிறகு சட்டென்று வழி தெரியும் என்பது நாம் எல்லோரும் அனுபவித்தது. இது பற்றிய 117 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் ஓர் அலசல் வந்தது. ஊறப்போடுவதில் பலன் உண்டு என்றது. சொல் சார்ந்த புதிர்களில், இடைவேளையில் செய்யும் வேலை இலேசானதாக இருந்தால் பலன் கூடுதல் என்றும் சொன்னது. அதோடு 2000இல் ராபர்ட் ஸ்டிக்கோல்டின் குழு செய்த டெட்ரிஸ் (மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் கேம்) ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். டெட்ரிஸ் விளையாடியவர்களுக்குத் தூக்கம் வரும் வேளையில் விழும் கட்டைகள் கண்ணுக்குள் தெரிந்தன. மறதி நோயால் விளையாடியதே நினைவில்லாத சிலருக்கும் தெரிந்தன. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என் ஊகம்தான்: தலைக்குள் ஒரு வேலை ஊறிக்கொண்டிருக்கும் இரவில், உங்களை முழுதாக விழுங்குகிற, மற்றவர்களோடு போட்டியிட்டுச் சுடும் கேம் வேண்டாம், மெதுவான கேம் நல்லது. டெட்லைன் வாரத்தில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

சரி, ஆய்வுகள் அவ்வளவுதான். தொழிலில் பார்த்தது இதைவிட உறுதியானது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. எந்தக் குறிப்பும் இல்லை, ஆனாலும் எல்லோரும் வலப்பக்கம்தான் போகிறார்கள். ஒரு பழுப்பு நிற உருவம் எதிரே வருகிறது. மோதினால் சாவு, குதித்தால் தப்பு. மேலே கேள்விக்குறி போட்ட பெட்டி மினுக்குகிறது. முட்டினால் காசு. அடுத்த பெட்டியிலிருந்து ஒரு காளான் வந்து வலப்பக்கம் நகர்ந்து, குழாயில் மோதி, திரும்பி உங்களை நோக்கியே வருகிறது. காளானும் எதிரி போலத்தான் இருக்கிறது. தப்பிக்கக் குதித்தால் மேலே இருக்கும் கட்டைகளில் தலை இடித்துக் கீழே விழுகிறீர்கள், அது உங்களைத் தொட்டுவிடுகிறது. மாரியோ பெரிதாகிவிடுகிறான். அட, இது நல்லது போலிருக்கிறது! இதைத் திட்டமிட்டே அமைத்ததாக அதை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ பேட்டியில் விளக்கியிருக்கிறார். ஒரு வார்த்தை இல்லாமல், சில நொடிகளில், பயம், தப்பிக்க முயற்சி, ஆச்சரியம் மூன்றையும் வரிசையாக வரவைத்திருக்கிறார். ஒரு முப்பது நொடி விளம்பரத்தில் நாம் செய்ய முயல்வதும் அதேதான்.

2012இல் வந்த ஜர்னி கேமில் இதன் இன்னொரு முகம் இருக்கிறது. மணல்மேடு ஏறியதும் தூரத்தில் ஒரு மலை, உச்சியில் ஒளி. விளையாட்டு முழுக்க அந்த மலையை நோக்கித்தான் நடை. வரைபடம் இல்லை, அம்புக்குறி இல்லை. வழியில் வேறு ஒருவர், உலகில் எங்கோ உட்கார்ந்து விளையாடுகிறவர், உங்களோடு சேர்ந்துகொள்வார். அவர் பெயர் தெரியாது, பேச முடியாது, ஓர் ஒலி எழுப்ப மட்டும்தான் முடியும். அந்த ஒற்றை ஒலியை வைத்து மனிதர்கள் 'இங்கே வா', 'பொறு', 'போகிறேன்' எல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். எதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பேசும் என்று புரிய வேண்டுமானால் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஃபுமிட்டோ உவேடா 2001இல் செய்த ஈகோ என்ற கேமும் அப்படித்தான். திரையில் உயிர் அளவு காட்டும் பட்டை கிடையாது. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் நாயகனான சிறுவன் தன்னோடு வரும் பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறான், விட்டால் கை நழுவுகிறது. அவ்வளவுதான் ஏற்பாடு, ஆனால் விரலை எடுக்க மனம் வராது. டிசைனர்கள் லேஅவுட்டில் இடம் விடப் பயப்படும்போது இந்த இரண்டையும் விளையாடச் சொல்கிறேன்.

அப்புறம் கட்டுப்பாடுகள். கிளையண்ட் இரண்டு நிறம்தான் அச்சிட முடியும் என்கிறார், பட்ஜெட் பாதியாகிவிட்டது, அளவு மாறிவிட்டது. இதெல்லாம் நம் அன்றாடம். மேலே சொன்ன மாரியோ கேமின் மொத்த அளவு 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். அந்த இடத்துக்குள் அடக்க, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே வடிவத்தை வெவ்வேறு நிறத்தில் போட்டார்கள். பெரும்பாலானோர் அதைக் கவனிக்கவே இல்லை. 1999இல் வந்த சைலன்ட் ஹில் என்ற திகில் கேமில் அந்தக் கால பிளேஸ்டேஷனால் தூரத்துக் காட்சிகளை வரைய முடியவில்லை, ஊர் முழுக்க மூடுபனி போட்டு மறைத்தார்கள். அந்தப் பனிதான் அந்த கேமின் பயமே ஆனது. லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னில் யாரும் கட்டாயப்படுத்தாமலேயே இரண்டே நிறம்: புள்ளிகளாலும் கோடுகளாலும் ஒரு முழுக் கப்பல். ஒவ்வொரு மரணத்தின் கணமும் உறைந்து நிற்க, அதைச் சுற்றி நடந்து, யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் கை எங்கே இருக்கிறது என்று கவனித்து, 60 பேருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டோரிபோர்டு செய்கிறவர்கள், இல்லஸ்ட்ரேட்டர்கள் எல்லோரும் இதை ஒருமுறையாவது விளையாட வேண்டும் என்று நான் கட்டாயமாகவே சொல்வேன். ஒரு சட்டகத்துக்குள் உடல்மொழி எவ்வளவு தகவல் சுமக்கும் என்பதை உங்களையே துப்பறிய வைத்துச் சொல்லித்தருகிறது.

எழுதுகிறவர்களுக்கு வேறு பலன் இருக்கிறது. பேப்பர்ஸ், பிளீஸ் என்ற 2013ஆம் ஆண்டு கேமும் லூகாஸ் போப்புடையதுதான். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்க்கும் குமாஸ்தா நீங்கள். தவறாக ஒருவரை அனுமதித்தால் சம்பளம் பிடிப்பார்கள், வீட்டில் குளிருக்கும் மருந்துக்கும் காசு போதாது. எதிரே நிற்கும் பெண்ணின் கணவர் முன்னாலேயே உள்ளே போய்விட்டார், இவரிடம் சரியான தாள் இல்லை. வசனம் நாலு வரிதான். முத்திரை உங்கள் கையில். ஒரு பாத்திரத்தின் மேல் எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் அது என்ன முடிவெடுக்கும் என்பதை வெளியே இருந்து யோசிப்பதற்கும் உள்ளே உட்கார்ந்து உணர்வதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரியும். நம் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும் என்றால் வெண்பா. டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. விட்டுப்போன படிகளை நீங்கள்தான் யோசித்து இட்டு நிரப்ப வேண்டும். புலம்பெயர்ந்த வீட்டில் எது காப்பாற்றப்படுகிறது, எது கைநழுவுகிறது என்பதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தைச் சரிசெய்யும் வேலையே அதைச் சொல்லிவிடுகிறது. 2024இல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது அமைப்பின் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. விளையாடி முடிக்க ஓரிரு மாலைப் பொழுது போதும்.

கட்டடக் கலைஞர்களுக்கு மைன்கிராஃப்ட் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு ஐ.நா. வாழ்விட அமைப்பு 2012இல் தொடங்கிய பிளாக் பை பிளாக் திட்டம் சான்று. நைரோபியின் கிபேரா போன்ற இடங்களில் அந்தப் பகுதி மக்களே தங்கள் பொது இடத்தை அதில் கட்டிக் காட்டினார்கள். பிளான் படிக்கத் தெரியாதவர்களும் இங்கே விளக்கு வேண்டும், அங்கே உட்கார இடம் வேண்டும் என்று வைத்துக் காட்ட முடிந்தது. சினிமாப் பக்கம், கேம் எஞ்சினிலேயே (கேமை இயக்கும் மென்பொருள்) பின்னணியை ஓடவிட்டுப் படம் பிடிக்கும் முறை 2019இலிருந்து பரவிவிட்டது. முப்பரிமாண வெளியில் கேமராவை நகர்த்திப் பழகியவர் அந்த வேலைக்குச் சீக்கிரம் பழகுகிறார். பயிற்சிக்கு வருகிறவர்களில் இதை நான் தெளிவாகவே பார்க்கிறேன்.

அதே பயிற்சியில்தான் கெடுதலையும் பார்க்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். நிறைய விளையாடுகிறவர்கள் லேஅவுட் செய்தால் கேமரா கனமே இல்லாமல் மிதக்கும். எப்போதும் நாயகனின் முதுகுக்குப் பின்னால், அகலமான லென்ஸில், எல்லாம் தெரியும்படி. கேமில் அது சரி. விளையாடுகிறவருக்கு வழி தெரிய வேண்டும். படத்தில் எதை மறைக்கிறோம் என்பதுதான் பாதிக் கதை. கான்செப்ட் ஓவியத்தில் (பாத்திரமும் உலகமும் எப்படி இருக்கும் என்று முதலில் வரைந்து பார்ப்பது) இன்னும் மோசம். கேம் ஓவியங்களை மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் வரையும் வீரன் எல்லோரும் ஒரே தோள்கவசம் போட்டிருக்கிறார்கள், ஒரே நீல ஒளியில் நிற்கிறார்கள். கேம்களை உருவாக்கியவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். மியாமோட்டோ தன் செல்டா என்ற சாகச கேமுக்கு எடுத்தது, கியோட்டோ அருகே சோனோபேயில் சிறுவனாகக் குன்றுகளிலும் குகையிலும் சுற்றிய அனுபவத்தை. போகிமானை உருவாக்கிய சடோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். ஆகவே கேமிலிருந்து முறையை எடுத்துக்கொள்ளுங்கள், உருவத்தை எடுக்காதீர்கள். உருவத்துக்குத் தெருவுக்குப் போங்கள், கோயிலுக்குப் போங்கள், மீன் மார்க்கெட்டுக்குப் போங்கள்.

எந்த கேம் என்று கேட்டீர்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை முடிவு உள்ளவை, சில மாலைகளில் முடிந்துவிடும். தினமும் உள்ளே வந்தால் பரிசு, இன்று வராவிட்டால் நஷ்டம் என்று இழுக்கிற கைபேசி கேம்களிலிருந்து ஒரு டிசைனருக்குக் கிடைப்பது குறைவு என்பது என் கணிப்பு. முதல் வாரத்திலேயே அதன் கணக்கு புரிந்துவிடும், பிறகு வெறும் பழக்கம்தான். காசு கட்டி ஆடும் ரம்மி வகையறாக்கள் இந்தப் பேச்சிலேயே வராது, அது சூதாட்டம். உடல் விஷயமும் இருக்கிறது: பகலெல்லாம் மவுஸும் பேனாவும் பிடித்த அதே மணிக்கட்டுக்குத்தான் இரவிலும் வேலை. வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், இணையத்தில் என்னைப் போன்றவர்களைக் கேட்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறைச் சேர்த்து 2022இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டுக்கு முதலிடம் கொடுப்பது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தப் பக்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் கடிதம் படித்து நோய் சொல்லும் தகுதி எனக்கில்லை.

விளையாடுவதைவிட அதிகம் பலன் தந்தது எது என்று என்னைக் கேட்டால், இன்னொருவர் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்பேன். அதிலும் கேமே விளையாடாத ஒருவராக இருந்தால் நல்லது. உங்கள் அம்மா, அக்கா, யாராவது. கட்டுப்பாட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருங்கள், அதுதான் கஷ்டம். அவர்கள் எங்கே நின்று தயங்குகிறார்கள், உங்களுக்குப் பளிச்சென்று தெரிகிற கதவை எப்படிப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள், எந்தப் பட்டனை அலங்காரம் என்று நினைக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் செய்த வெப்சைட்டையும் விளம்பரத்தையும் மனிதர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். வீட்டில் உள்ள எதிர்ப்புக்கும் இது ஓரளவு உதவும். ஒருமுறை ஜர்னியின் அந்த மலையை நோக்கி நடந்தவர் அடுத்த நாள் அதே தொனியில் பேசுவதில்லை.

நீங்கள் விளையாடும்போது நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுக்க வேண்டாம், அது விளையாட்டையும் கெடுக்கும் வேலையையும் கெடுக்கும். முடித்துவிட்டு, படுக்கும் முன், மனதில் நின்ற ஒரு கணத்தை நினைவிலிருந்து கட்டைவிரல் அளவில் வரையுங்கள். திரையைப் பார்த்து வரையக் கூடாது. நினைவில் எது மிஞ்சியதோ அதைத்தான் அந்த கேமின் டிசைனர் மிஞ்ச வைக்க நினைத்தாரா என்று மறுநாள் போய்ச் சரிபாருங்கள். ஓவியக் கல்லூரியில் மாதிரியைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் வரையச் சொல்லும் பயிற்சி உண்டே, அதேதான்.

போர்ட்ஃபோலியோ விஷயம்: பொழுதுபோக்கு என்ற இடத்தில் கேமிங் என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. நேர்காணலில் நான் உட்கார்ந்தபோதெல்லாம் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஆனால் ஒரு கேமின் ஒரே ஒரு கட்டத்தை எடுத்து, கண் எங்கே போகிறது, ஏன் போகிறது, எந்த இடத்தில் ஒளி மாறுகிறது என்று உங்கள் கையால் வரைந்த இரண்டு பக்கத்தையும், அதிலிருந்து எடுத்துக்கொண்ட ஒன்றை உங்கள் சொந்த போஸ்டரில் எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் அருகருகே வைத்தால் நின்று பார்ப்பேன். கேம் திரைப்பிடிப்புகளை அப்படியே ஒட்ட வேண்டாம். அது இன்னொருவர் வேலை. இப்போது விளையாடிக்கொண்டிருப்பது எது என்று நீங்கள் எழுதவில்லை. சொன்னால், அதில் எந்தக் கட்டத்தை எடுத்து இப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்று சொல்லப் பார்க்கிறேன்.